பள்ளிக்கரணை நோட்டிலிருந்து ஜிபிஃப் வரை: உயிரினப் பதிவுகளைப் பகிரவும் இணைக்கவும் ஒரு தொடக்க வழிகாட்டி

"15-1-23. பள்ளிக்கரணை. காலை 6.30. நீலத் தாழைக்கோழி 42, கூழைக்கடா 11, நெடுங்கால் உள்ளான் நிறைய."

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போன ஒரு காலையில் என் நோட்டில் எழுதிய வரி இது. எழுதிய எனக்கு இதில் எல்லாமே இருக்கிறது. ரேடியல் ரோட்டின் எந்த ஓரத்தில் நின்றேன், பனி எவ்வளவு இருந்தது, 'நிறைய' என்றால் சுமாராக எத்தனை என்பதுகூட நினைவில் இருக்கிறது. இன்னொருவர் படித்தால் பாதிதான் புரியும். ஒரு கணினி நிரலுக்கு ஒன்றுமே புரியாது.

சென்னையில் இப்படிப்பட்ட நோட்டுகள் நிறைய வீடுகளில் கிடக்கின்றன. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-இல் தொடங்கியது. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் பங்குனி ஆமைக்காகக் கடற்கரையில் இரவு நடை போகிறார்கள். பார்ப்பதற்கும் எழுதி வைப்பதற்கும் இங்கே ஆள் உண்டு. எழுதியதை மற்றவர்களுடைய பதிவோடு சேரும்படி வைப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு எண்ணூரே போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் அங்கே என்னென்ன பறவைகள், எந்தெந்த மாதங்களில், எத்தனை இருந்தன? இந்தக் கேள்விக்கு யாருடைய நோட்டும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் நோட்டை யாராலும் தேட முடியாது. பகிரப்பட்ட பதிவுகளைத்தான் தேட முடியும்.

இந்தக் கட்டுரை புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. மேலே உள்ள அந்த ஒரு வரியையே கையில் எடுத்துக்கொண்டு போவோம். புலப்பெயர்களையும் (அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகள்) சேவைகளுக்கு அனுப்பும் சொற்களையும் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்.

வலைச் சேவை என்றால் என்ன

மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புவது தெரியும். "துவரம்பருப்பு 1 கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர்" என்று கடைக்காரருக்குப் புரியும்படி எழுதினால் பொருள் கட்டி வரும். கடைக்குள் நுழைந்து அலமாரியைத் துழாவ வேண்டியதில்லை. வலைச் சேவையும் அப்படித்தான். இணையதளத்தின் பக்கங்கள் மனிதர் கண்ணால் பார்ப்பதற்கு. அதே தளத்தின் பின்வாசலில் நிரல்களுக்கென்று ஒரு ஜன்னல் இருக்கும். அதைத்தான் ஏபிஐ என்கிறோம். குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரியை அனுப்பினால், ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில் தகவல் திரும்பி வரும். சீட்டை நிரல் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. பல சேவைகளுக்கு உங்கள் பிரவுசரின் முகவரிப் பட்டையில் தட்டினாலே போதும்.

நமக்கு முக்கியமான கடைகள் மூன்று. முதலாவது ஜிபிஃப். 2001-இல் தொடங்கிய, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. அலுவலகம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில். உலகெங்கும் இருந்து 200 கோடிக்கும் மேற்பட்ட உயிரினப் பதிவுகள் அங்கே ஒரே வடிவில் கிடைக்கின்றன. இரண்டாவது இபேர்டு. பறவைகளுக்கு மட்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கியது. மூன்றாவது ஐநேச்சுரலிஸ்ட். செடி, பூச்சி, ஓணான், காளான் எதுவானாலும் படத்தோடு ஏற்றலாம். பின்னிரண்டில் சேரும் பதிவுகள் ஜிபிஃபுக்கும் போய்ச் சேருகின்றன. அதனால் ஜிபிஃபை ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏ வரிசைகளுக்கு ஜென்பேங்க், புரதங்களுக்கு யூனிபுராட், கடல் உயிரினங்களுக்கு ஓபிஸ் என்று வேறு கிடங்குகளும் உண்டு. ஒன்றில் சீட்டு எழுதப் பழகிவிட்டால் மற்றவை எளிது. அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை வீட்டிலேயே: நான்கு நெடுவரிசைகள்

புதிதாக வருபவர்கள் நேராக நிரலுக்குத் தாவுகிறார்கள். வேண்டாம். இணைப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை எக்செல் ஷீட்டிலேயே தொடங்குபவை. உயிரினப் பதிவுகளுக்கு டார்வின் கோர் என்ற பொது வடிவம் 2009-இல் அங்கீகரிக்கப்பட்டது. அதில் ஏராளமான புலங்கள் உண்டு. தொடக்கத்தில் நான்கைச் சரியாக வைத்தால் போதும்: இடம், தேதி, பெயர், அடையாள எண்.

இடத்தில்தான் நான் அதிகமாக அடி வாங்கினேன். பள்ளிக்கரணையில் நான் நின்ற இடம், கையில் இருந்த ஜிபிஎஸ் கருவியில் 12 டிகிரி 56 நிமிடம் 15 விநாடி வடக்கு, 80 டிகிரி 12 நிமிடம் 55 விநாடி கிழக்கு என்று காட்டியது. அதை ஷீட்டில் 12.5615, 80.1255 என்று அடித்துவிட்டேன். பார்க்க ஒழுங்கான எண்கள். வரைபடத்தில் போட்டால் என் நீலத் தாழைக்கோழிகள் நாற்பது கிலோமீட்டர் தெற்கே, கல்பாக்கம் பக்கம் போய் இறங்கியிருந்தன. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. எனவே 56-ஐ 60-ஆலும் 15-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். சரியான விடை 12.9375, 80.2153. இரண்டு ஆண்டுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நீங்கள் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. போனிலும் கருவியிலும் ஆரம்பத்திலேயே தசம டிகிரி என்று மாற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொரு தவறு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப் போவது. 80.2 வடக்கு, 12.9 கிழக்கு என்று போட்டால் உங்கள் கூழைக்கடா நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் நிற்கும். சென்னைக்காரர்களுக்கு ஒரு சுலபமான சோதனை: அட்சரேகை 12 அல்லது 13-இல் தொடங்க வேண்டும், தீர்க்கரேகை 80-இல் தொடங்க வேண்டும். அட்சரேகை நெடுவரிசையில் எங்காவது 80 தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள்.

தசமப் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் போதும். அது சுமார் 11 மீட்டர். ஆனால் நீங்கள் ரோட்டில் நிற்கிறீர்கள், பறவை இருநூறு மீட்டர் தள்ளி கோரைப்புல்லுக்குள் நிற்கிறது. அதனால் எவ்வளவு தூரம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதை மீட்டரில் எழுத ஒரு தனிப் புலம் உண்டு. அதில் 300 என்று நேர்மையாகப் போடுங்கள். செயற்கைக்கோள் படத்தோடு உங்கள் பதிவைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்த எண் மிகவும் உதவும். அது நீரா, கரையா, குப்பைமேடா என்று முடிவெடுப்பதே அதை வைத்துத்தான்.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2023-01-15. நம் வழக்கப்படி 03/04/2023 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க நிரலுக்கு அது மார்ச் 4. இரண்டுமே சாத்தியமான தேதி என்பதால் எந்த நிரலும் பிழை என்று கத்தாது. வலசைப் பறவைகளின் பதிவில் ஒரு மாதம் தவறிப் போனால் கதையே மாறிவிடும். எக்செல் தானாகவே தேதியை மாற்றிவிடுவதும் உண்டு. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அற்பப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்தது. எக்செல் பட்டியல் இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்க் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது.

இரவில் வேலை செய்பவர்கள் நேரத்தையும் கவனியுங்கள். பல சேவைகள் உலகப் பொது நேரத்தில் பதிவைத் தருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பெசன்ட் நகர் கடற்கரையில் பிப்ரவரி 10 அதிகாலை 2 மணிக்குப் பங்குனி ஆமை முட்டையிட்டால், பொது நேரப்படி அது பிப்ரவரி 9 இரவு 8.30. இரண்டு பட்டியலை இணைக்கும்போது ஒரே ஆமை இரண்டு நாளில் வந்தது போலத் தெரியும். நேரத்தின் பின்னால் +05:30 என்று சேர்த்து எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

எண்ணிக்கைப் புலத்தில் எண் மட்டும்தான். 'நிறைய' கூடாது. எண்ணவில்லை என்றால் இபேர்டில் எக்ஸ் என்ற எழுத்தைப் போடலாம். பறவை இருந்தது, எண்ணிக்கை தெரியாது என்று பொருள். என் நெடுங்கால் உள்ளான்களுக்கு அதைத்தான் போட்டேன். பிற்பாடு உட்கார்ந்து "ஒரு நூறு இருக்கும்" என்று ஊகித்துப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அடையாள எண் என்பது ஒவ்வொரு பதிவுக்கும் நீங்கள் கொடுக்கும், வேறு எங்கும் இல்லாத, என்றும் மாறாத பெயர். பள்ளிக்கரணை-20230115-001 என்பது போல இருக்கலாம். வரிசை எண்ணை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். ஷீட்டை மறுபடி அடுக்கினால் 7-ஆம் வரிசை வேறு பறவையாகிவிடும். அப்புறம் பழைய பதிவைத் திருத்தி அனுப்பினால் சேவை அதைப் புதுப் பதிவாக எண்ணிக்கொள்ளும்.

பெயரைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெயர்ப் பொருத்தம்: உங்கள் முதல் சீட்டு

தமிழ்ப் பெயரை விட்டுவிடாதீர்கள். டார்வின் கோரில் வட்டாரப் பெயருக்கென்றே வெர்னாகுலர்நேம் என்ற புலம் இருக்கிறது. 'கூழைக்கடா', 'பங்குனி ஆமை' என்று யூனிகோடில் எழுதி வையுங்கள். கோப்பைச் சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதை அப்படியே ஏற்றினால் வெளியே யாராலும் படிக்க முடியாது.

ஆனால் இணைப்புக்குச் சாவி அறிவியல் பெயர்தான். காசிமேட்டில் நெத்திலி என்று ஒரே பெயரில் விற்பது பல இனங்களை. தமிழ்ப் பெயரை மட்டும் வைத்து இணைத்தால் அவை ஒரே மீனாகிவிடும். அதனால் சயின்டிஃபிக்நேம் புலத்தை நிரப்பிவிட்டு, ஜிபிஃபின் பெயர் பொருத்தும் சேவையில் சரிபாருங்கள். இந்தச் சேவைக்குக் கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். ஏபிஐ முகவரியோடு ஸ்பீஷீஸ், மேட்ச் என்ற சொற்களைச் சாய்கோடு போட்டுச் சேர்த்து, கேள்விக்குறி போட்டு, 'நேம்' என்பதற்குச் சமமாக உங்கள் பறவையின் பெயரைக் கொடுங்கள். ஒரு நொடியில் பதில் வரும்.

பதிலில் எதைப் பார்க்க வேண்டும்? 'மேட்ச்டைப்' என்ற வரியை. 'எக்சாக்ட்' என்றால் பெயர் அப்படியே கிடைத்துவிட்டது. 'ஃபஸ்ஸி' என்றால் எழுத்துப்பிழையை யூகித்துப் பொருத்தியிருக்கிறது. கண்ணால் ஒருமுறை பாருங்கள். 'ஹையர்ரேங்க்' என்றால் இனம் கிடைக்கவில்லை, பேரினமோ குடும்பமோதான் கிடைத்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் உங்கள் ஒரு பறவைக்காக ஒரு குடும்பமே இறங்கி வரும். 'நன்' என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை. பெயர் பொருந்தினால் ஒரு சாவி எண்ணும் வரும். அதை உங்கள் ஷீட்டில் புது நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் தேடல்களில் பெயருக்குப் பதில் அந்த எண்ணைக் கொடுக்கலாம்.

பெயரோடு 'கிங்டம்' என்பதையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல பழக்கம். ஓனாந்தே என்ற பேரினப் பெயர் ஒரு பறவைக் கூட்டத்துக்கும் உண்டு, ஒரு செடிக் கூட்டத்துக்கும் உண்டு. விலங்கா தாவரமா என்று சொல்லாவிட்டால் சேவை என்ன செய்யும், பாவம்.

இப்போது நம் நீலத் தாழைக்கோழிக்கு வருவோம். பழைய பட்டியல்களில் இதன் பெயர் போர்ஃபிரியோ போர்ஃபிரியோ. பிற்பாடு அந்த ஓர் இனத்தைப் பல இனங்களாகப் பிரித்தார்கள். நம் ஊர்ப் பறவை போர்ஃபிரியோ போலியோசெஃபாலஸ் ஆகிவிட்டது. பழைய பெயர் மத்தியதரைக் கடல் பக்கத்துப் பறவையிடம் தங்கிவிட்டது. விளைவு என்ன? புதுப் பெயரில் மட்டும் தேடினால் சென்னையின் பழைய பதிவுகள் சில விடுபடலாம். பழைய பெயரில் மட்டும் தேடினால் ஸ்பெயின் பறவைகளும் சேர்ந்து வரும். இப்படிப்பட்ட இனங்களுக்கு இரண்டு பெயரிலும் தேடுங்கள், நாடு இந்தியா என்று குறுக்கிக்கொள்ளுங்கள், பதிவில் ஆதியில் எழுதியிருந்த பெயரை அழிக்காமல் தனி நெடுவரிசையில் வைத்திருங்கள். அந்த ஆதிப் பெயர்தான் நாளைக்கு வகைப்பாடு மறுபடி மாறினால் கைகொடுக்கும்.

எந்த வழியாகப் பகிர்வது

தனிநபர் நேராக ஜிபிஃபில் ஏற்ற முடியாது. பதிவுசெய்த நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் தரவுத்தொகுப்பு உள்ளே போகும். அதனால் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பறவை என்றால் இபேர்டு, மற்றது எல்லாம் ஐநேச்சுரலிஸ்ட்.

இபேர்டில் பட்டியல் முடிக்கும்போது, கண்டறிந்த பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். பலர் யோசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முழுப் பட்டியல் என்று நீங்கள் சொன்னால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். "பூநாரை இல்லை" என்பதும் ஒரு தகவல். எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையும் விடாமல் பதியுங்கள். பழைய நோட்டுகளை ஷீட்டாக்கி மொத்தமாக ஏற்றவும் வழி இருக்கிறது.

ஐநேச்சுரலிஸ்டில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, இனத்தைப் பொறுத்தவரை அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவு 'ரிசர்ச் கிரேடு' ஆகும். தொட்டிச் செடியும் வளர்ப்புப் பூனையும் அதில் சேராது. அந்தத் தகுதி பெற்று, பொருத்தமான உரிமமும் இருந்தால் பதிவு ஜிபிஃபுக்குப் போகும். ஐநேச்சுரலிஸ்டிலிருந்து சீக்கிரமே போய்விடும். இபேர்டு பதிவுகள் ஆண்டுக்கு ஒரு தடவைதான் மொத்தமாகப் போகும். ஆகவே நேற்று போட்ட பட்டியல் ஜிபிஃபில் இல்லை என்று பதற வேண்டாம்.

கல்லூரித் துறையோ, குழுவோ பல ஆண்டுத் தரவை வைத்திருந்தால் மட்டும் நிறுவன வழி. கோப்பை ஐபிடி என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, டார்வின் கோர் புலங்களோடு பொருத்தி வெளியிடலாம். அதற்கு முன் ஜிபிஃபின் தரவு சோதிப்பானில் கோப்பைப் போட்டுப் பாருங்கள். கடலில் விழுந்த ஓணான், எதிர்காலத் தேதி, காலியான புலம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். வெளியிடும் எண்ணம் இல்லாவிட்டாலும் அதைப் பயன்படுத்தலாம்.

உரிமமும் ரகசியமும்

ஜிபிஃப் மூன்று உரிமங்களை மட்டும் ஏற்கிறது. சிசி ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. சிசி பை என்றால் பெயர் சொல்ல வேண்டும். சிசி பை என்சி என்றால் பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்குக் கூடாது. ஐநேச்சுரலிஸ்டில் நீங்கள் மாற்றாவிட்டால் மூன்றாவதுதான் இருக்கும். பதிவுக்கு ஓர் உரிமம், படத்துக்கு ஓர் உரிமம் என்று தனித்தனியாக வைக்கலாம். படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள விரும்புபவர்கள்கூடப் பதிவைத் தாராளமாகத் திறந்துவிடலாம் என்பது என் கருத்து.

எல்லா இடத்தையும் துல்லியமாகக் காட்டக் கூடாது. நட்சத்திர ஆமையைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மீட்டர் துல்லியத்தில் இடத்தைப் போட்டால் அவர்களுக்கு வழிகாட்டியது போலாகும். ஆபத்தில் உள்ள இனங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே இடத்தை 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மாற்றிக் காட்டும். நீங்கள் வேறு வழியில் பகிர்ந்தால் தசமத்தைக் குறைத்து, குறைத்திருக்கிறேன் என்பதை அதற்குரிய புலத்தில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் குறைத்தால் இணைப்பவர் அந்தப் புள்ளியை உண்மையென்று நம்பி ஏமாறுவார். கூடுகளுக்கும் அடைகாக்கும் இடங்களுக்கும் இதே எச்சரிக்கை.

திரும்பக் கேட்பது: எண்ணூர்

பகிர்வது பாதி வேலை. மற்றவர்கள் பகிர்ந்ததைக் கேட்டு வாங்குவது மீதி. தொடக்கத்தில் சொன்ன கேள்வியையே கேட்போம்: 2023 டிசம்பருக்கு முன் எண்ணூர் கழிமுகத்தில் என்னென்ன பறவைகள்?

ஜிபிஃபின் பதிவுத் தேடல் சேவைக்கு நான்கு விஷயம் சொல்ல வேண்டும். பறவைகள் என்ற வகுப்பின் சாவி எண், ஆண்டு 2014 முதல் 2022 வரை, இடப்புள்ளி உள்ள பதிவுகள் மட்டும், பிறகு எல்லை. எல்லையை ஒரு பலகோணமாகக் கொடுக்கிறோம்:

போலிகன்((80.29 13.20, 80.34 13.20, 80.34 13.28, 80.29 13.28, 80.29 13.20))

கூர்ந்து பாருங்கள். இங்கே தீர்க்கரேகை முதலில் வருகிறது. நம் ஷீட்டில் அட்சரேகை முதலில் எழுதிப் பழகியதற்கு நேர் எதிர். புள்ளிகளைக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக அடுக்க வேண்டும்: தென்மேற்கு, தென்கிழக்கு, வடகிழக்கு, வடமேற்கு. கடைசிப் புள்ளி முதல் புள்ளியிலேயே வந்து மூட வேண்டும். சுற்றும் திசை மாறினால் பலகோணத்தின் உள்ளும் வெளியும் புரண்டு, எண்ணூரை மட்டும் விட்டுவிட்டு மற்ற உலகத்தைக் கேட்டதாக ஆகிவிடலாம். இந்த ஒரு வரியில் நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் 300 பதிவுகள் வரும். மேலும் வேண்டுமானால் 'ஆஃப்செட்' எண்ணை 300, 600 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இப்படி ஒரு லட்சம் வரைதான் போக முடியும். பதிலின் தலையில் மொத்த எண்ணிக்கை இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். சில ஆயிரத்தைத் தாண்டினால் இந்த வழியை விட்டுவிட்டு, இலவசக் கணக்கு தொடங்கி, மொத்தப் பதிவிறக்கம் கேளுங்கள். தயாரானதும் மின்னஞ்சல் வரும். சீட்டுகளை நிரலில் அனுப்புபவர்கள் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி விடுங்கள். 429 என்ற எண் திரும்பி வந்தால், அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு ஆர்ஜிபிஃப், பைத்தான் தெரிந்தவர்களுக்கு பைஜிபிஃப் என்று தயாராக உள்ள தொகுப்புகள் சீட்டு அனுப்பும் வேலையை எளிதாக்கும்.

சேர்த்துப் பார்க்கும்போது

வந்த பட்டியலையும் உங்கள் பட்டியலையும் ஒரே அட்டவணையில் ஒட்டுவதற்கு முன் மூன்று விஷயம்.

ஒரே பறவை இரண்டு தடவை வந்திருக்கும். பொங்கல் காலையில் நீங்கள் இபேர்டில் பட்டியல் போட்டீர்கள், பக்கத்தில் நின்ற நண்பர் அதே கூழைக்கடாவைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்டில் போட்டார். இரண்டும் ஜிபிஃபில் தனித்தனிப் பதிவு. சாவி எண், தேதி, மூன்று தசமத்துக்குச் சுருக்கிய இடம் மூன்றும் ஒத்துப்போகும் பதிவுகளைப் பிரித்தெடுத்துக் கண்ணால் பாருங்கள். தானாக அழிக்கும்படி நிரலிடம் விட்டுவிட வேண்டாம்.

பதிவு இல்லை என்பதால் பறவை இல்லை என்று ஆகாது. பள்ளிக்கரணையில் ரோட்டோரம் நிற்க வசதி உண்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியும் வந்தது, பார்ப்பவர் அதிகம். எண்ணூரில் அனல்மின் நிலையங்களுக்கும் சாம்பல் குட்டைகளுக்கும் நடுவே படகில் போய் எண்ணுபவர் குறைவு. இரண்டு இடத்தின் பதிவு எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால், பறவைகளுக்குப் பதில் பறவை பார்ப்பவர்களைத்தான் எண்ணியிருப்பீர்கள். முழுப் பட்டியல்களை மட்டும் எடுத்து, நூறு பட்டியலில் எத்தனையில் கூழைக்கடா இருந்தது என்று கணக்கிடுவது நியாயமான ஒப்பீடு.

வானிலையோடு இணைப்பவர்கள் கட்டத்தின் அளவைப் பாருங்கள். நாசா பவர் என்ற சேவை 1981 முதல் தினசரி மழை, வெப்பநிலைக் கணக்கை இடப்புள்ளி கொடுத்தால் கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாமலே தரும். தொடங்க அருமையான இடம். ஆனால் அதன் வானிலைக் கட்டம் ஒவ்வொன்றும் 50 கிலோமீட்டருக்கும் அதிக அகலம். பள்ளிக்கரணையில் கொட்டிய மழையையும் எண்ணூரில் தூறிய மழையையும் அது பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாத அளவில் பார்க்கலாம், ஒரு காலைப்பொழுதை விளக்க முடியாது.

மொத்தப் பதிவிறக்கம் எடுத்தால் ஜிபிஃப் அதற்கென்று டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் ஒன்றைத் தரும். அந்த எண்ணையும், நீங்கள் கேட்ட கேள்வியை அதே சொற்களிலும், எடுத்த தேதியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி அட்டவணையின் பக்கத்திலேயே வையுங்கள். நீங்கள் எழுதும் கட்டுரையிலோ அறிக்கையிலோ அந்த எண்ணைக் குறிப்பிட்டால், அதில் சேர்ந்த ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் கணக்கிலும் அந்தப் பயன்பாடு ஏறும். பொங்கலன்று பனியில் நின்று எண்ணியவர்களின் பட்டியல்களும் அந்தத் தொகுப்புகளுக்குள்தான் இருக்கின்றன.